மாடி அறைக்கு இணையம்: மெஷ் வாங்குவதா, கேபிள் இழுப்பதா?

கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் வயர் முன்ஹால் ஜன்னல் ஓரத்துத் துளை வழியாக உள்ளே நுழைகிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் 200 எம்பிபிஎஸ் முழுதாக வருகிறது. மாடியில் பின்பக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தால் எதிரே பேசுகிறவரின் முகம் உறைந்து நிற்கிறது. கடைக்குப் போனால் உடனே மெஷ் பெட்டி ஒரு ஜோடியை, அதாவது தங்களுக்குள் வைஃபையிலேயே பேசி இணையத்தை அடுத்த இடத்துக்குக் கடத்தும் பெட்டிகளை, எடுத்து நீட்டுகிறார்கள்.

மெஷ் கெட்ட பொருள் அல்ல. ஆனால் இந்தப் பிரச்சினைக்குக் குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன: ஈதர்நெட் கேபிள் இழுத்து முனையில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைப்பது, வயர்லெஸ் மெஷ், வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர், கரண்ட் வயர் வழியாக அனுப்பும் பவர்லைன் அடாப்டர். இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளத்துக்குத் தளம் இணையத்தை ஏற்றும் வேலை வயருடையது. ரேடியோவிடம், அதாவது வைஃபை அலையிடம், கடைசி ஓர் அறையை மட்டும் விட வேண்டும். இதை மீற வேண்டிய வீடுகளும் உண்டு. அவை எவை என்று பின்னால் பார்க்கலாம்.

காசு செலவழிக்கும் முன் கோளாறு எங்கே என்று பாருங்கள். லேப்டாப்பை மோடத்தில் கேபிளால் நேரடியாகச் செருகி வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே குறைவாக வந்தால் கோளாறு இணைப்பில். எந்தப் பெட்டியும் அதைச் சரிசெய்யாது. அங்கே சரியாக இருந்தால், அதே லேப்டாப்பை மாடி அறைக்குக் கொண்டுபோய், மோடத்தின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) ஐந்து நிமிடம் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சோதனை) ஓடவிடுங்கள். வைஃபையில் ஒற்றை இலக்க மில்லிசெகண்டுகள் வந்தால் நல்லது. நடுநடுவே 200, 400 என்று தாவினால், அல்லது பதிலே வராமல் போனால், வீட்டுக்குள் இருக்கும் ரேடியோதான் நோயாளி. மோடம் வரை சீராக இருந்து, வெளியே உள்ள தளத்துக்கு மட்டும் தாவினால், இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடம் புகார் சொல்ல வேண்டிய விஷயம்.

அடுத்தது சிக்னல் அளவு. வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் டிபிஎம் என்ற சிக்னல் வலிமை அலகில் காட்டும்; பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலிமை அதிகம். மைனஸ் 50 என்றால் அருமை. வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓட மைனஸ் 67 வேண்டும். மைனஸ் 75க்குக் கீழே போனால் போன் வைஃபை குறியைக் காட்டும், வேலை நடக்காது. இது மடக்கைக் கணக்கு: 3 குறைந்தால் சிக்னல் பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. அதனால் மைனஸ் 67க்கும் மைனஸ் 77க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குத் தெரிவதைவிட மிகப் பெரியது. கதவை மூடி, வழக்கமாக லேப்டாப் வைக்கும் மேசையிலேயே அளந்துகொள்ளுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் இந்த எண் சட்டென்று விழுவதற்குக் காரணம் கட்டுமானம். வெளிநாட்டுப் பெட்டிகளின் அட்டையில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கு பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்ட வீடுகளுக்குப் பொருந்துவது. இங்கே 9 அங்குலச் செங்கல் சுவர், அதன்மேல் இருபக்கமும் சிமென்ட் பூச்சு, தலைக்கு மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். சுவரைச் சாய்வாகக் கடந்தால் சிக்னல் இன்னும் அதிகமான செங்கல்லைத் துளைக்க வேண்டியிருக்கிறது. நடுவில் இரும்பு பீரோவோ, ஆளுயரக் கண்ணாடியோ, ஃபிரிட்ஜோ நின்றால் அதன் பின்னால் நிழல் விழுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு தாண்டிவிடும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசலில் சிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரில் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

ஆகவே செலவில்லாத வைத்தியம் மோடத்தை நகர்த்துவதுதான். உள்ளே வரும் ஃபைபர் வயர் மெல்லியது. கூடுதல் நீளம் போட்டு மாடிப்படிக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். படிக்கட்டுத் திறப்பு வழியாக ரேடியோ மேலேறும் அளவுக்குத் தளத்தைத் துளைத்துக்கொண்டு ஏறாது. தலை உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கட்டும். டிவி அலமாரிக்குள் தள்ளி மூட வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதிலேயே அறையில் மைனஸ் 65 வந்துவிட்டால் எதையும் வாங்க வேண்டியதில்லை.

கேபிள்: கடினமானது முதல் நாள் மட்டும்

நகர்த்தியும் போதவில்லை, சொந்த வீடு, வயர் போக ஒரு வழி இருக்கிறது என்றால் கேபிள்தான். ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் பதினைந்து இருபது வருடம் அதைப் பற்றி நினைக்க வேண்டாம். அதற்குள் வைஃபை தலைமுறைகள் மாறிக்கொண்டே இருக்கும். முனையில் உள்ள பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

எந்த வகை? ஈதர்நெட் கேபிளின் தரத்தை ‘கேட்’ எண்ணால் குறிக்கிறார்கள். சுவருக்குள் ஏற்கெனவே கேட் 5இ கிடந்தால் பிடுங்காதீர்கள். அது 100 மீட்டர் வரை 1 கிகாபிட்டைச் சுமக்கும். 2016ல் வந்த தரத்தின்படி 2.5 கிகாபிட்டையும் சுமக்கும். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6. 55 மீட்டர் வரை 10 கிகாபிட் போகும், அதைவிட நீளமான ஓட்டம் சாதாரண வீட்டில் அமையாது. கேட் 6ஏ தடிமனாக இருப்பதால் வளைவுகளில் மல்லுக்கட்டும். கேட் 8 என்பது 30 மீட்டருக்குள் உள்ள சர்வர் அறை வேலைக்கானது, வீட்டுக்கு அதன் பெயரில் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இங்கே ஏமாறும் இடம் கேபிளின் உள்ளே இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைக்கும் சுருள்கள் பல, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியவை. சோதிப்பது எளிது. ஒரு கம்பியின் உறையை உரித்து, பிளேடால் மேற்பரப்பைச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமே தெரிந்தால் நல்ல சரக்கு. வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அலுமினியக் கம்பிக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பினால் தூர முனையில் வோல்டேஜ் விழும், கம்பி சூடாகும். கிரிம்ப் செய்த இடத்தில் (பிளக்கை அழுத்திப் பொருத்திய முனையில்) இரண்டு வருடம் கழித்து ஒடிந்து, விட்டுவிட்டு வேலை செய்யும் கோளாறைக் கொடுப்பதும் இதுவே. சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பி உள்ள கேபிளாக இருக்கட்டும். பலபிரி கேபிள் மேசையிலிருந்து லேப்டாப் வரைக்கும் மட்டும். ஒட்டிவிட வசதியாக இருக்கும் தட்டைக் கேபிளும் சுவர் வேலைக்கு ஆகாது.

வழியைத் தேடும்போது பழைய கேபிள் டிவி பைப்பை மறந்துவிடாதீர்கள். மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு வந்த கோஆக்ஸ் வயர் இப்போது வெறுமனே கிடக்கும் வீடுகள் ஏராளம். அதன் ஒரு முனையில் புதிய கேட் 6ஐ டேப்பால் மெல்லியதாக, முடிச்சு விழாமல் சுற்றிக் கட்டி, மறுமுனையிலிருந்து பழையதை இழுத்தால் புதியது வந்துவிடும். ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள வேண்டும். பைப் வாயில் கொஞ்சம் டால்கம் பவுடர் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். எங்காவது பிடித்துக்கொண்டால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். சுமார் 11 கிலோ எடைக்கு மேலான இழுவையில் உள்ளே ஜோடி ஜோடியாகப் பின்னிய எட்டுக் கம்பிகளின் முறுக்கு கலைந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போல நான்கு மடங்காவது, அதாவது இரண்டரை செ.மீ. அளவு, இருக்க வேண்டும்.

பைப்பே இல்லாத பழைய வீடுகளில் வெளிச்சுவர் வழியாக ஏற்றலாம். புற ஊதா தாங்கும் கறுப்பு உறை கொண்ட வெளிப்புற கேபிள் வேண்டும். சாதாரணச் சாம்பல் நிற உறை நம் வெயிலில் வெடித்துவிடும். சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். துளைக்குக் கீழே கேபிளை ஒரு தொங்கல் விட்டு மேலேற்றினால் மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. அணில் கடிக்கும் இடமென்றால் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்த்து விடக் கூடாது. இரைச்சல் ஒரு பக்கம். உறை உரிந்து 230 வோல்ட் தொட்டால் ஆபத்து. பக்கவாட்டில் ஓர் அடி இடைவெளி வையுங்கள், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்கோணத்தில் கடக்கட்டும்.

முனை கட்டுவதில்தான் பாதி வேலைகள் கெடுகின்றன. இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மூன்றிலும் ஆறிலுமாகப் பிரிந்து நடுவில் நீல ஜோடியை அணைத்துக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். “இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டால் போதும்” என்று சிலர் பச்சையைச் சேர்த்து 3, 4லும் நீலத்தை 5, 6லும் போடுகிறார்கள். மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும், ஏனென்றால் அது தொடர்ச்சியை மட்டும் பார்க்கிறது. ஆனால் 3ம் 6ம் ஒரே ஜோடியாக முறுக்கப்பட்டிருந்தால்தான் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடித்து நீக்கும். அந்த ஜோடி பிரிந்துபோனால் வேகம் காரணமில்லாமல் தடுமாறும். ஆட்கள் ரூட்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முறுக்கைப் பிரிப்பதும் 13 மி.மீ.க்கு மேல் கூடாது. சுவர் முனையில் பிளக் அடிப்பதைவிட, கீஸ்டோன் ஜாக் (பிளக் செருகும் சாக்கெட்) உள்ள பெட்டி பொருத்துவது நல்லது.

இன்னொரு அறிகுறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் வேகச் சோதனை ஒவ்வொரு முறையும் 93, 94 என்று ஆணி அடித்ததுபோல நின்றால், அது இணைப்பின் குறையல்ல. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி, அதாவது 1, 2, 3, 6 மட்டும் போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டால் இருபக்கமும் பேசிவைத்துக்கொண்டு 100க்கு இறங்கிவிடுகின்றன. பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தால் தீர்ந்தது. கேபிள் சரி என்றால் போர்ட்டைப் பாருங்கள்: மலிவான ஏசி1200 வகைப் பெட்டிகள் பலவற்றில் வைஃபைக்கு 867 என்று பெரிதாக எழுதி, பின்பக்கம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாத 10/100 போர்ட்டை வைத்திருப்பார்கள்.

மாடி முனையில் என்ன வைப்பது? வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டரே ஆக்சஸ் பாயின்ட் ஆகும். அதற்கு மூன்று மாற்றங்கள். அதன் லேன் (வீட்டு நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (மோடம் 192.168.1.1ஆக இருந்தால்). சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். கேபிளை வேன் (WAN, வெளி இணையத்துக்கான) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். அமைப்புகளில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவையும் தானே செய்யும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்க ஆரம்பிக்கும்; காலையில் வேலை செய்த போன் மாலையில் இணையம் இல்லை என்னும். வேன் போர்ட்டில் செருகினால் மாடி தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். கீழே உள்ள பிரிண்டரும் டிவியும் மாடி போனுக்குத் தெரியாது.

வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் இரு பெட்டியிலும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். எந்தப் பெட்டியுடன் ஒட்டுவது என்பதை முடிவு செய்வது போன்தான். படியேறிய பிறகும் கீழ்ப்பெட்டியையே விடாமல் பிடித்திருந்தால், இரண்டின் ஒலிபரப்பு சக்தியையும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். சக்தியைக் கூட்டுவது தவறான திசை: பெட்டி சத்தமாகக் கத்தும், போனின் மெல்லிய பதில் அதன் காதில் விழாது.

மெஷ்: வைக்கும் இடத்தில்தான் எல்லாம்

வாடகை வீடு, சுவரைத் தொடக் கூடாது, வயருக்கு வழியே இல்லை. அங்கே மெஷ்தான் சரியான தேர்வு. வாங்குகிறவர்கள் செய்யும் பெரும்பிழை, சிக்னலே இல்லாத அறையில் இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது. அந்தப் பெட்டிக்கும் முதல் பெட்டியின் குரல் கேட்க வேண்டுமே! கெட்ட சிக்னலை வாங்கி அழகான ஐந்து கோடாகக் காட்டும், அவ்வளவுதான். முதல் பெட்டியிலிருந்து மைனஸ் 60, அதிகம் போனால் மைனஸ் 65 கிடைக்கும் பாதிவழியில் வையுங்கள். மாடிப்படித் திருப்பம் பெரும்பாலும் அந்த இடம். அங்கே ப்ளக் பாயின்ட் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

2.4, 5 என்று இரண்டே ரேடியோ கொண்ட இரட்டைப் பட்டை மெஷ்ஷில் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கீழே உள்ள பெட்டியுடனும் பேச வேண்டும், உங்கள் லேப்டாப்புடனும் பேச வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது என்பதால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. ஏஎக்ஸ்1500 என்று அட்டையில் இருந்தால் அது 2.4ல் 300ம் 5ல் 1201ம் சேர்ந்த கூட்டுத்தொகை. எந்தச் சாதனமும் இரண்டையும் கூட்டி வாங்குவதில்லை. 1201 என்பதும் ரேடியோ இணைப்பு வேகம், பக்கத்தில் நின்றால் கிடைப்பது. தளத்தையும் சுவரையும் தாண்டிய பிறகு இரு பெட்டிக்கு இடையே 300 நிஜமாகக் கிடைத்தால் மாடி லேப்டாப்புக்கு 150 மிஞ்சும். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு இது தாராளம். 500 திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவருக்கு ஏமாற்றம். அவர் பெட்டிகளுக்குள் பேசவே தனி ரேடியோ வைத்திருக்கும் மூன்றுபட்டை மெஷ் வாங்க வேண்டும். அந்த விலைக்குக் கேபிள் வேலையே முடிந்துவிடலாம்.

மெஷ் வாங்கியே தீர்வது என்றால் ஒவ்வொரு பெட்டியிலும் கிகாபிட் போர்ட் இருப்பதையே வாங்குங்கள். பின்னால் எப்போதாவது ஒரு வயர் இழுக்க முடிந்தால் அதே பெட்டிகள் வயர் வழியாகப் பேச ஆரம்பிக்கும். பாதியாகும் தொல்லை அந்த நிமிடமே போய்விடும். ஒரு நிறுவனத்தின் பெட்டியோடு இன்னொரு நிறுவனத்தின் பெட்டி சேரும் என்று நம்பி வாங்காதீர்கள். பொதுத்தரம் ஒன்று இருந்தாலும் எல்லா மாடலும் அதைப் பின்பற்றுவதில்லை. மெஷ் வந்த பிறகு மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டு, மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் ஓட்டுங்கள். மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றும் யோசனை இருந்தால், அதில் லேண்ட்லைன் போனும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அதன் அமைப்பைக் குலைத்தால் போன் நின்றுவிடக் கூடும்.

ரிப்பீட்டரும் பவர்லைனும்

சுவர் ப்ளக்கில் செருகும் ரிப்பீட்டர், மெஷ்ஷின் எல்லாக் குறையையும் கொண்டது. அதன் ஒருங்கிணைப்பு மட்டும் கிடையாது. வாசல் கேமரா, ஒரே ஒரு டிவி போன்ற நகராத, அவசரமில்லாத சாதனத்துக்குப் போதும். வேலைக்கான லேப்டாப்பை அதை நம்பி விட வேண்டாம்.

பவர்லைன் கேட்க மிகவும் கவர்ச்சியானது: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கரண்ட் வயரே நெட்வொர்க் வயர். ஆனால் நம் வீடுகளில் அது சீட்டாட்டம் மாதிரி. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு அடாப்டரும் ஒன்றையொன்று பார்க்காது, அல்லது தட்டுத்தடுமாறிப் பார்க்கும். ஒன்று இன்வர்ட்டர் லைனிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தாலும் இதே கதி. ஸ்பைக் கார்டில் செருகினால் அதிலுள்ள ஃபில்டர் அந்த சிக்னலையே இரைச்சல் என்று வடிகட்டிவிடும்; நேராகச் சுவர் ப்ளக்கில்தான் செருக வேண்டும். மிக்ஸி ஓடும்போதும், மலிவு எல்இடி பல்பு எரியும்போதும் வேகம் சரியும். அட்டையில் 600 என்றும் 1000 என்றும் போட்டிருப்பது ஆய்வகக் கணக்கு. நிஜத்தில் கிடைப்பது அதில் சிறு பங்கு. திருப்பிக் கொடுக்கும் வசதியோடு விற்கும் இடத்தில் வாங்கி, ஒரு வாரம் எல்லா மின்சாதனங்களையும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே ஃபேஸ், நல்ல வயரிங் உள்ள வீட்டில் சில நேரம் நன்றாகவே ஓடும்.

கரண்ட் போனால்?

இந்த ஒப்பீட்டில் பலர் கணக்கில் எடுக்காதது மின்வெட்டு. மீட்டிங் நடுவில் கரண்ட் போனால் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். சாவது உங்கள் பெட்டிகள். மெஷ்ஷில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி பேக்கப் வேண்டும். நடுப்பெட்டி இன்வர்ட்டர் இல்லாத ப்ளக்கில் இருந்தால் மாடி இருண்டுவிடும். பவர்லைன் அடாப்டர்களுக்கும் இதே கதிதான். கேபிளில் மட்டும் ஒரு பெரிய வசதி உண்டு: பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைத்து அவற்றில் மின்சாரமும் ஏற்றும் பெட்டி) வைத்தால் அந்தக் கேபிளே மின்சாரத்தையும் கொண்டுபோகும். அடிப்படைத் தரத்தில் சுவிட்ச் முனையில் 15.4 வாட், பெட்டியை அடையும்போது 12.95 வாட், கூரையில் மாட்டும் சிறிய ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போதுமானது. அடுத்த தரம் 30 வாட் தரும். மோடத்தையும் சுவிட்சையும் ஒரே யுபிஎஸ்ஸில் வைத்தால் வீடு முழுக்க வைஃபை நிற்காது. மோடத்துக்கு மட்டும் மினி யுபிஎஸ் போடுகிறவர்கள் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர், பின்னின் நேர்-எதிர்க் குறி மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர் மினி யுபிஎஸ்ஸை 2 ஆம்பியர் கேட்கும் பெட்டியில் போட்டால் அது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும்.

தோட்டத்துக்கு அப்பால் இன்னொரு கட்டடம், கடை, மாட்டுக் கொட்டகை கேமரா என்றால் கதை வேறு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே எழும் வோல்டேஜ் வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகப் பாய்ந்து இருபக்கத்துப் போர்ட்டையும் எரித்துவிடும். அங்கே சிங்கிள் மோடு ஃபைபர், இரண்டு முனையிலும் ஃபைபரின் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர். ஒற்றை இழை கன்வர்ட்டர்கள் ஜோடியாக வரும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550ல் வாங்கும், மற்றது நேரெதிர். இரண்டும் ஒரே ரகமாக வாங்கிவிட்டால் விளக்கே எரியாது.

வைஃபை 7க்குக் காத்திருக்கலாமா?

தேவையில்லை. வைஃபையின் புதிய தலைமுறையான வைஃபை 7க்குச் சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெரிய விளம்பரமான 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டுமே சாத்தியம். அமெரிக்கா 2020ல் அந்தப் பட்டையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப்பாதியை உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம்தான் வந்தன. இந்த 500 மெகாஹெர்ட்ஸுக்குள் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். பட்டை திறந்தாலும் கடையில் இருக்கும் பெட்டியின் இந்தியப் பதிப்பில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் அதை இயக்கும் மென்பொருளும் இருக்க வேண்டும். வைஃபை 7 என்று விற்கப்படும் பெட்டிகளில் வெறும் இரட்டைப் பட்டை மாடல்களும் உண்டு. அதைவிட முக்கியம், 6 கிகாஹெர்ட்ஸ் அலை 5ஐ விடவும் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். அது ஓர் அறைக்கான வேகம். ஒவ்வொரு அறைக்கும் கேபிள் இருக்கும் வீட்டுக்கே அது பலன் தரும்.

இன்று வாங்குவதென்றால் கிகாபிட் போர்ட் உள்ள வைஃபை 6 பெட்டி போதும். 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று சொல்லி விற்பதையும் நிதானமாகப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அது 36 முதல் 64 வரையோ 100 முதல் 128 வரையோ பரவ வேண்டும். இரண்டிலும் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள் வருகின்றன. அந்தச் சேனல்களில் ஒலிபரப்பும் முன் பெட்டி ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கும். ரீஸ்டார்ட் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் சிறிது நேரம் காணாமல் போவதற்கு இதுவே காரணம், பழுதல்ல. சுவர் தாண்டி நிற்கும் லேப்டாப்புக்கு 80 மெகாஹெர்ட்ஸே நிலையாக இருக்கும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழ வேண்டாம். சுவர் வெட்டி கரண்ட் பைப் பதிக்கும் அதே நாளில் நெட்வொர்க்குக்குத் தனியாக 25 மி.மீ. பைப் பதிக்கச் சொல்லுங்கள். மாடிப்படிக்கு அருகே ஒரு பெட்டியை மையமாக வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும், ஒவ்வொரு தளத்தின் கூரை நடுவுக்கும், வாசல் கேமராவுக்கும் தனித்தனி ஓட்டம். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாலை கோத்த மாதிரி போகக் கூடாது. முக்கியமான இடங்களுக்கு இரண்டிரண்டு கேபிள். ஃபைபர் உள்ளே வரவும் வாசலிலிருந்து அந்த மையப் பெட்டிக்கு ஒரு பைப் விடுங்கள், அதை மறந்தால் மோடம் மறுபடி முன்ஹால் ஜன்னலிலேயே மாட்டப்படும். எலக்ட்ரீஷியன் நேர்கோண எல்போ போடாமல் நீள்வளைவு பெண்ட் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேபிள் போன பிறகும் ஒவ்வொரு பைப்புக்குள்ளும் ஒரு நைலான் கயிறு கிடக்கட்டும். இரு முனையிலும் ஒரே எண்ணை மார்க்கரால் எழுதி, பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா பிடித்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே சுவரில் அலமாரிக்கு டிரில் போடும்போது அந்தப் படம் தேவைப்படும்.